அம்மாள் வந்த வீட்டில் ஒரு நகவெட்டி

அக்காவின் மகனுடைய வயிற்றில் முதல் கொப்பளத்தைக் கண்டுபிடித்தவள் நான். ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பனிக்கால உடுப்புப் போடுவது, ஆட்டுக்குட்டியைத் தலையணை உறைக்குள் திணிப்பது போன்ற வேலை. அந்த இழுபறியில் அவனுடைய சட்டை மேலே ஏறிவிட்டது. தொப்புளுக்குப் பக்கத்தில் தண்ணீர்த் துளி போல ஒன்று தெரிந்தது. துடைத்தேன். போகவில்லை. முதுகைத் திருப்பிப் பார்த்தேன். அங்கே இன்னும் நிறைய இருந்தன.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். என்னைத் தூக்கி வளர்ப்பதற்காக அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அத்தான் அதற்கும் முந்தியே நின்றவர். நான் அப்போது ஸ்காபரோவில் ஒரு கொலிஜில் குழந்தைப் பராமரிப்புப் படித்துக்கொண்டிருந்தேன். மோர்னிங்சைட்டில் அவர்களுடைய அப்பார்ட்மென்ற்றில்தான் இருந்தேன். என் பாடப்புத்தகத்தில் சிறுவர் நோய்களுக்கென்று ஒரு அத்தியாயம் வண்ணப் படங்களோடு இருந்தது. அதைக் கொண்டுவந்து பெறாமகனின் வயிற்றுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். படமும் வயிறும் அச்சாக ஒன்றுபோல இருந்தன. படித்த படிப்பு இவ்வளவு விரைவில் வீட்டுக்குள் வந்து நிற்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. சந்தோஷமாகக்கூட இருந்தது.

அக்கா எட்டிப் பார்த்தாள். அடுத்த நிமிடம் குசினிக்குள் ஓடி, பொரிந்துகொண்டிருந்த மீனின் அடுப்பை அணைத்தாள்.

"எடி, அம்மாளடி. உந்தப் புத்தகத்தை அவனிலை முட்டாதை."

"கொப்பளிப்பான் அக்கா. சின்னப் பிள்ளையளுக்கு வாறதுதானே. நகத்தை ஒட்ட வெட்டிப்போட்டு, ஒவ்வொரு நாளும் இளஞ்சூட்டுத் தண்ணியிலை குளிக்க வாக்க வேணும். அவ்வளவுதான்."

"அவர் வரட்டும். அதுக்குள்ளை ஒண்டிலையும் கை வையாதை."

அத்தான் கோழி இறைச்சி பொதி செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். மற்ற எதிலும் பெரிய பக்தி இல்லாதவர். றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போனால்கூட அன்னதானம் தொடங்கிய பிறகுதான் காரை நிறுத்த இடம் தேடுவார். அன்றைக்கு வேலையால் வந்தவரிடம் அக்கா கதவிலேயே விஷயத்தைச் சொன்னாள். அவர் கொரிடோரிலேயே சப்பாத்தைக் கழற்றினார். பிறகு ஜாக்கெற்றையும் கழற்றினார். பிறகு, பக்கத்து வீட்டுக் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வேலை உடுப்பையும் கழற்றி வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்து நேரே குளிக்கப் போனார். ஈரத் தலையோடு அறை வாசலில் நின்று, அம்மன் இறங்கிய உடம்பென்று மகனைக் கும்பிட்டார். அவன் பாவம், கட்டிலில் இருந்துகொண்டு விளையாட்டுக் காரொன்றை ஓட்டிக்கொண்டிருந்தான்.

"அப்பா, இட்ஸ் இச்சி" என்றான்.

"அம்மாள் விளையாடுறா ராசா. சொறியக்கூடாது."

அதன் பிறகு எங்களுக்குச் சட்டம் சொன்னார். பொரிக்கக்கூடாது, தாளிக்கக்கூடாது. மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் கூடாது. சீப்பால் தலை இழுக்கக்கூடாது. நகம் வெட்டக்கூடாது. வேப்பிலைத் தண்ணீரில் முழுக வார்க்கிற மூன்று தண்ணீரும் முடியும்வரை சவர்க்காரம் என்ற பேச்சே கூடாது, டொக்ரர் என்ற பேச்சு அதைவிடக் கூடாது.

நியாயமாகச் சொல்ல வேண்டும். அத்தான் செய்தவற்றில் பாதி என் புத்தகத்தில் இருந்தது. பிள்ளையைத் தனி அறையில் விட்டார். படுக்கை விரிப்பை ஒவ்வொரு நாளும் தானே கொண்டுபோய்க் கீழே சலவை அறையில் துவைத்தார். மெல்லிய பழைய வேட்டியைக் கிழித்து உடுக்கக் கொடுத்தார். கை கழுவாமல் ஒருவரையும் அறைக்குள் விடவில்லை. அந்த வீட்டில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு சுத்தம் இருந்ததில்லை. ஆனால் சுத்தத்துக்கென்று வீடு முழுவதும் மஞ்சள் தண்ணீர் தெளித்தபோது, எங்கள் வீட்டுத் தரை சீமெந்து இல்லை, வாடகை வீட்டுக் காப்பெற் என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை. சாம்பல் நிறக் காப்பெற் பருப்புக் கறி நிறத்துக்கு வந்தது. நடந்து போனால் உள்ளங்காலும் அந்த நிறத்துக்கு வந்தது.

"இதுக்கு இங்கிலீசிலை என்ன பேர்?" என்று கேட்டார். வேலையில் சொல்லி லீவு எடுக்க வேண்டுமாம்.

"சிக்கன் பொக்ஸ்."

அத்தான் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி, வரவேற்பறை மூலையில் இருந்த மட்டைப் பெட்டிகளைப் பார்த்தார். அவருடைய தொழிற்சாலையில் கோழி அடைக்கும் பெட்டிகள். புதிதாக மடித்தவற்றில் மிஞ்சியதைக் கேட்டு வாங்கிவந்து பிள்ளையின் விளையாட்டுச் சாமான்களைப் போட்டு வைத்திருந்தோம். அத்தான் நாள் முழுக்கச் செய்கிற வேலையே அந்தப் பெட்டிகளை மடிப்பதுதான். அவற்றுக்கு அங்கே பெயர் சிக்கன் பொக்ஸ்.

நான் வாயைத் திறப்பதற்குள் பெட்டிகளைச் சாமான்களோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய், கொரிடோரில் இருந்த குப்பை போடும் குழாய்க்குள் தள்ளிவிட்டார். பெட்டிகள் மாடி மாடியாக இடித்துக்கொண்டு கீழே போகிற சத்தமும், அவற்றுக்குள் இருந்த தீயணைப்பு வண்டியொன்று சைரன் ஊதிக்கொண்டு போகிற சத்தமும் கேட்டன.

"அத்தான், அது பெட்டி இல்லை. பொக்ஸ் வேறை, பொக்ஸ் வேறை."

"ரெண்டும் ஒண்டாத்தானே சொல்லுறீர்."

உண்மைதான். எங்கள் வாயில் இரண்டும் ஒன்றாகத்தான் வரும். ஒரு ரிஷூவைக் கிழித்து என் உதட்டுக்கு முன்னால் பிடித்து, நோயைச் சொன்னால் கடதாசி ஆடும், பெட்டியைச் சொன்னால் ஆடாது என்று காட்டினேன். கொலிஜில் எனக்கே அப்படித்தான் சொல்லித் தந்திருந்தார்கள். அத்தான் ரிஷூவை வாங்கிப் பிடித்து இரண்டையும் மாறி மாறிச் சொன்னார். இரண்டுக்கும் ஆடியது.

"அம்மாளுக்கு வைக்க உவங்களுக்கு வேறை பேர் கிடைக்கேல்லையோ" என்று சொல்லிவிட்டு ரிஷூவைக் கசக்கி எறிந்தார்.

அடுத்த நாள் வேலைக்குப் போய்ச் சுப்பவைசரிடம் மகனுக்குச் சிக்கன் பொக்ஸ் என்று சொல்லியிருக்கிறார். அவர், உனக்கு முன்னமே சிக்கன் பொக்ஸ் வந்திருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"எவ்ரி டே எண்டன்."

"பிறகு?"

"சிரிச்சுப்போட்டு, அப்ப பயமில்லை, போய் வேலையைப் பார் எண்டான். லீவு தரேல்லை."

பள்ளிக்கூடத்துக்கு அக்காதான் போன் எடுத்தாள். நான் எடுக்கிறேன் என்றேன். எனக்கும் வாய் இருக்கிறது என்றாள். மகன் வரமாட்டான், அம்மாள் வந்திருக்கிறா என்பதை அவள் தன் இங்கிலீசில் ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தாள். மதர் கம். எந்த மதர் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். "பிக் மதர்" என்றாள் அக்கா. எவ்வளவு நாள் நிற்பார் என்று கேட்டிருக்க வேண்டும். "த்ரீ வாட்டர். தென் கோ" என்றாள். பிறகு வாழ்த்துச் சொல்லி வைத்துவிட்டார்கள். நான் உடனே திருப்பி எடுத்துச் சரியான நோயைச் சொன்னேன். ஆனால் அதற்குள் செய்தி வகுப்புவரை போய்விட்டது. இரண்டு நாளில் வகுப்புப் பிள்ளைகள் வரைந்த பெரிய வாழ்த்து மட்டையொன்று எங்கள் மாடியில் இருந்த இன்னொரு தமிழ்ப் பிள்ளையின் கையில் எங்களுக்கு வந்து சேர்ந்தது. அம்மம்மாவே வருக என்று எழுதியிருந்தது. வெள்ளை முடியோடு ஒரு கிழவி, கையில் ஒரு சூட்கேஸ்.

அத்தான் அதைச் சாமித் தட்டில் இருந்த அம்மாள் படத்துக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தார்.

"சூட்கேசோடை வந்திருக்கிறா" என்றார். "உடனை வெளிக்கிடமாட்டா."

வேப்பிலைதான் பெரிய பாடாக இருந்தது. பிறம்ரனில் ஒரு அன்ரி வீட்டில் வேம்பு இருக்கிறது என்று கேள்விப்பட்டு, சனிக்கிழமை அத்தானும் நானும் பனிக்குள் கார் ஓடிப் போனோம். வேம்பு என்றால் என் முழங்கால் உயரத்தில் ஒரு தொட்டிச் செடி. ரியூப் லைற்றுக்குக் கீழே, ஹீற்றருக்குப் பக்கத்தில், குளிர்காலத் தொப்பி போட்ட பிள்ளையைப் போல ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு நின்றது. அந்தப் பருவத்தில் பல வீடுகளில் அம்மாள் வந்திருந்தபடியால் செடியில் இலையைவிடக் காம்புதான் அதிகம். அன்ரி கத்தரிக்கோலால் ஒரேயொரு சின்னக் கொத்தை வெட்டித் தந்தா.

"இதைத்தான் தம்பி தரலாம். மிச்சத்தைப் பிடுங்கினால் மரம் செத்துப்போம். பிறகு ரொறொன்ரோ முழுக்க என்ன செய்யிறது?"

அந்தக் கொத்தில் பாதியை அத்தான் எங்கள் வீட்டுக் கதவில், வெளியே கட்டினார். மற்றப் பாதியைத் தண்ணீருக்கென்று வைத்தார்.

இதற்கிடையில் பிள்ளை சொறிந்துகொண்டிருந்தான். எனக்கு மற்ற எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. மச்சம் இல்லாவிட்டால் கீரை சாப்பிடலாம். தலை இழுக்காவிட்டால் பிறகு சிக்கெடுக்கலாம். நகம்தான் பிரச்சினை. அவனுடைய நகங்கள் வளர்ந்து, விளையாட்டு மா, பிஸ்கற் என்று எல்லாம் அடியில் ஏறிக் கறுத்திருந்தன. அதே நகத்தால் கொப்பளங்களை உடைத்தான். வலது காதுக்குப் பின்னால் உடைத்தது மட்டும் காயவில்லை. அதைச் சுற்றிச் சிவந்து வந்தது. புத்தகத்தில் அதற்கும் ஒரு படம் இருந்தது. இந்த முறை அது எனக்குச் சந்தோஷமாக இல்லை.

வீட்டில் இருந்த நகவெட்டிகள், கத்தரிக்கோல், அக்காவின் தையல் பெட்டியில் இருந்த சின்னக் கத்திகூடக் காணாமல் போயிருந்தன. அத்தான் எல்லாவற்றையும் சாப்பாட்டுப் பைக்குள் போட்டு வேலைக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்தார். நான் நேரே கேட்டேன்.

"காதுக்குப் பின்னாலை சீழ் பிடிக்குது அத்தான். உவன் சொறியாமல் இருக்க மாட்டான். நகத்தை வெட்டினால் போதும்."

"என்ரை தம்பிக்கு வந்தது" என்றார்.

அவருக்கு ஒரு தம்பி இருந்தது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். தம்பிக்கு அம்மாள் வந்தவுடன் அத்தானை ஒரு மாமி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். இன்னொரு மாமி பார்க்க வந்து, சொறிகிறானே என்று பாவம் பார்த்து, நகத்தை வெட்டிவிட்டாவாம். அத்தானைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தபோது தம்பி இல்லை.

"நீர் படிச்சனீர்" என்றார். "நான் இல்லை எண்டு சொல்லேல்லை. ஆனா நீர் அப்ப அங்கை நிக்கேல்லை."

அதற்கு என் புத்தகத்தில் பதில் இருந்தது. அவர் முகத்துக்கு முன்னால் அதைச் சொல்ல முடியவில்லை.

கையுறை போடலாமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, அதற்குத் தடையில்லை என்றார். காலுறையைக் கையில் போட்டோம். பல்லால் இழுத்துக் கழற்றினான். பிறகு பனியில் போடுகிற பெரிய நீலக் கையுறையைப் போட்டு, மணிக்கட்டில் பட்டி இறுக்கினோம். அதோடேயே ரி.வி. பார்த்தான், அதோடேயே வாயில் சோறு தீத்தினோம், அதோடேயே மூக்கைத் துடைத்தான். வீட்டுக்குள் வெறும் வேட்டித் துண்டும் பனிக் கையுறையுமாக, பனிச்சறுக்கலுக்குப் புறப்பட்ட சின்னச் சாமியாரைப் போலத் திரிந்தான். கையுறை கழன்ற வேளைகளில் நேரே காதுக்குத்தான் கை போனது.

பொருக்குகள் காய்ந்ததும் முதல் தண்ணீர் வார்ப்பதற்கு அத்தான் நாள் குறித்தார். முறைப்படி, வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரை வெயிலில் வைத்து, வெயிலின் சூட்டிலேயே அது சூடாக வேண்டும். விடிய எழும்பிப் பெரிய அலுமினியப் பானையில் தண்ணீர் நிரப்பிப் பல்கனியில் வைத்தார். நல்ல வெயில். கண் கூசுகிற வெயில். மத்தியானம் போய்ப் பார்த்தபோது பானைக்குள் ஒரு பெரிய மஞ்சள் கண்ணாடிக் கட்டி இருந்தது. அதன் நடுவில் வேப்பிலைகள் பச்சையாக, மிக அழகாக இருந்தன.

"வெயில் இருக்கு" என்றார் அத்தான், பானையைப் பார்த்துக்கொண்டு. "சூடு இல்லை."

"பானையை உள்ளுக்குக் கொண்டுவந்து ஜன்னலுக்குக் கிட்ட வைப்பம் அத்தான். உள்ளுக்கும் வெயில் அடிக்குதுதானே."

"கண்ணாடிக்குள்ளாலை வாறது வெயிலோ? அது வெளிச்சம்."

அடுத்த நாளும் பானையை வைத்தார். அடுத்த நாளும் உறைந்தது. இப்படியே தண்ணீர் வார்ப்பது தள்ளித் தள்ளிப் போனது. அக்கா இரண்டு பேருக்கும் நடுவில் பேசாமல் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். காது வீங்கித் தலையிலிருந்து சற்று விலகி நிற்கத் தொடங்கியது. நின்றுபோயிருந்த காய்ச்சல் திரும்ப வந்தது. அவன் காரை ஓட்டுவதை விட்டுவிட்டான். கையுறைக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தான்.

அக்கா என்னைக் குசினிக்குள் இழுத்தாள். "எடி, அவர் வேலைக்குப் போனாப் பிறகு நீயும் நானும் டொக்ரரிட்டைக் கொண்டு போவமோ?"

"கார் அவரிட்டை. இந்தக் குளிருக்குள்ளை பஸ்ஸிலை கொண்டு போகேலாது. வரட்டும். நான் அவரோடைதான் கதைக்கப் போறன்."

அன்று அத்தான் வேலையால் வந்து குளித்துவிட்டு நின்ற நேரம். நான் கதைக்கத் தொடங்க, கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெண். அவளுக்கும் எங்கள் பெறாமகன் வயதில் ஒரு மகன். எலிவேற்றரில் கண்டால் சிரிப்போம், அவ்வளவுதான் பழக்கம். கதவில் கட்டியிருக்கும் இலை வாடிவிட்டதே, அது என்ன என்று கேட்டாள். வீட்டில் பிள்ளைக்குக் கொப்பளிப்பான், ஆட்கள் வராமல் இருப்பதற்கு அது அடையாளம் என்று சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் காலத்தில் அதற்குத் தடுப்பூசி போட எங்களுக்கு வழி இருக்கவில்லை. சிறுவயதில் வந்தால் லேசாக வந்து போய்விடும், வளர்ந்தபின் வந்தால் பாடாகிவிடும் என்று, யாராவது ஒரு வீட்டில் வந்தால் தங்கள் பிள்ளைகளையும் அங்கே கொண்டுபோய் விளையாட விடுகிற வழக்கம் அவர்களிடம் இருந்தது. ஒரு வருடமாக அவள் நோயுள்ள வீடு தேடிக்கொண்டிருந்தாளாம். தன் மகனை இப்போதே கூட்டிக்கொண்டு வரலாமா என்றாள். பொருக்கெல்லாம் காய்ந்துவிட்டது, இனித் தொற்றாது என்று உள்ளதைச் சொன்னேன். பரவாயில்லை, முயற்சி செய்து பார்க்கலாம் என்றாள்.

"என்னவாம்?" என்று அத்தான் பின்னாலிருந்து கேட்டார்.

சொன்னதை அப்படியே சொன்னேன். "தன்ரை மகனுக்கும் வர வேணுமாம் அத்தான். கூட்டிக்கொண்டு வரட்டோ எண்டு கேக்கிறா."

"அம்மாளோ?"

"ஓம்."

"கேட்டு வாறாவோ?"

"ஓம். ஒரு வருசமாத் தேடினவவாம்."

அத்தானின் கண் கலங்கிவிட்டது. எங்கள் ஊரில்கூட அம்மாளைக் கும்பிடுவார்களே தவிர, வீட்டுக்கு வா என்று யாரும் கேட்டதில்லை. "முழுகிப்போட்டு வரச் சொல்லும்" என்றார். "இறைச்சி தின்னாமல்."

குளித்துவிட்டு வரச் சொன்னதை நான் அவளிடம் சொன்னேன். மிகவும் சுத்தமான குடும்பம் என்று பாராட்டிவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் அவளும் மகனும் ஈரத் தலையோடு வந்தார்கள். மஞ்சள் காப்பெற்றைப் பார்த்து நல்ல நிறம் என்றாள். இரண்டு பையன்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். கையில் கொண்டுவந்த அப்பிள் ஜூஸை ஒரு கப்பில் ஊற்றினாள். எங்கள் பிள்ளையின் வாயில் வைத்தாள். அதே கப்பைத் தன் மகனின் வாயில் வைக்கப் போனாள்.

நான் பாய்ந்தேன். அத்தானும் பாய்ந்தார். கப்பை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பிடித்தோம்.

"எச்சில்" என்றார் அத்தான்.

"கிருமி" என்றேன் நான்.

அந்த நோய் தொடங்கியதிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் நின்றது அந்த ஒரு தடவைதான். அவள் எங்களைக் குழப்பத்தோடு பார்த்தாள். எச்சில் மாற வேண்டும் என்பதற்காகத்தானே வந்திருக்கிறோம் என்றாள். அதில் நியாயம் இருந்தது. நான் கப்பை விட்டேன். அத்தானும் விட்டார். அவளுடைய மகன் குடித்தான். அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்ததாக நடந்தது ஒருவருக்கும் யோசிக்க நேரம் கொடுக்கவில்லை. எங்கள் பிள்ளை கப்பைத் திரும்ப வாங்கக் கையுறையை நீட்டினான். அவள், அடக் கடவுளே, வீட்டுக்குள் இது என்ன என்று கேட்டுக்கொண்டு பட்டியைத் தளர்த்திக் கையுறையைக் கழற்றினாள். நகத்தைப் பார்த்தாள். முடியை விலக்கிக் காதைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்புப் போய்விட்டது. தன் வீட்டுச் சாவிகள் கோர்த்த திறப்புக் கோர்வையில் தொங்கிய சின்ன நகவெட்டியை எடுத்து, பிள்ளையின் கையைத் தன் மடியில் வைத்து, பாட்டொன்றை முணுமுணுத்துக்கொண்டு நகத்தை வெட்டத் தொடங்கினாள்.

அக்கா குசினி வாசலில் கரண்டியோடு நின்றாள். நான் அத்தானைப் பார்த்தேன். அவர் கையை நீட்டினார், பிறகு மடக்கினார். கேட்டு வந்தவளின் கையைத் தட்டிவிட அவரால் முடியவில்லை. பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. நகவெட்டி ஒவ்வொரு தடவை சத்தம் போட்டபோதும் அவருடைய தோள் குலுங்கியது. பத்து விரலும் முடிந்தபோது அவர் நிலத்தில் இருந்துவிட்டார்.

அவள் நிமிர்ந்து என்னிடம் சொன்னாள். இந்தக் காதை இன்றைக்கே ஒரு டொக்ரர் பார்க்க வேண்டும், நாளைக்கு என்று விட வேண்டாம். நான் அத்தானுக்கு மொழிபெயர்த்தேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அம்மாள் சொன்னதாகச் சொல்லியிருந்தால் அவர் உடனே எழும்பியிருப்பார் என்று எனக்குத் தெரியும். ஆனால் அப்படிச் சொல்லிக் கேட்க வைக்க நான் படிக்கவில்லை.

அத்தான் விழுந்து கிடந்த நகத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

"நகம் வெட்டியாச்சு" என்றார்.

"ஓம் அத்தான்."

"இனி அம்மாளிட்டை என்ன முகத்தோடை போய்க் கேக்கிறது? அங்காலை முடிஞ்சுது." எழும்பினார். "டொக்ரரிட்டைத்தான் போக வேணும். வேறை ஆர் இருக்கினம்?"

கார்த் திறப்பை அவரே தேடி எடுத்தார். பிள்ளைக்கு ஜாக்கெற் போட்டுத் தூக்கிக்கொண்டு எலிவேற்றருக்கு ஓடினார். கொரிடோரில் நின்றபடி அக்கா எனக்குச் சப்பாத்தை எறிந்தாள்.

கிளினிக்கில் டொக்ரர் காதைச் சுத்தம் செய்தபோது பிள்ளை கத்திய கத்தலில், காத்திருந்த ஆட்கள் எழும்பி நின்றார்கள். அத்தான்தான் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். சொறிந்த இடத்தில் வேறு கிருமி புகுந்திருக்கிறது, இன்னும் பிந்தியிருந்தால் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து மறித்திருக்க வேண்டும், நகத்தை வெட்டியவர் நல்ல வேலை செய்தார் என்று டொக்ரர் சொன்னார். அந்தக் கடைசி வசனத்தை அத்தான் என்னிடம் இரண்டாம் தரமும் கேட்டார். இரண்டாம் தரமும் சொன்னேன்.

"தம்பிக்கும் அப்ப அதாலை இல்லையோ" என்றார், டொக்ரரிடம் இல்லை, என்னிடமும் இல்லை. நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

அன்றைக்கே முதல் தண்ணீர் வார்த்தோம். குழாய்த் தண்ணீர், இளஞ்சூடு. மருந்துப் போத்தலில் எழுதியிருந்ததை நான் வாசிக்க, வேளை தப்பாமல் அத்தானே கொடுத்தார். ஒவ்வொரு வேளையும் கரண்டியை அம்மாள் படத்துக்குக் காட்டிவிட்டுத்தான் வாயில் வைப்பார். அது மருந்தைக் கெடுக்காது என்பதால் நான் ஒன்றும் சொல்லவில்லை. வீக்கம் வற்றியது. காது தன் இடத்துக்குப் போனது. பிள்ளை திரும்பவும் காரை ஓட்டத் தொடங்கி, தீயணைப்பு வண்டி எங்கே என்று கேட்டு அழுதான். அத்தான் புதிது வாங்கிக் கொடுத்தார்.

பக்கத்து வீட்டுக்காரி மட்டும் வாடிப்போய் இருந்தாள். ஒவ்வொரு நாளும் மகனின் சட்டையைத் தூக்கிப் பார்க்கிறாளாம். ஒரு புள்ளிகூட இல்லையாம். அவள் எலிவேற்றரில் என்னிடம் முறைப்பட்டபோது அத்தானும் நின்றார். என்னவாம் என்று கேட்டார். சொன்னேன்.

"கவலைப்பட வேண்டாமெண்டு சொல்லும்" என்றார். "எல்லாருக்கும் குடுத்து வைக்கிறேல்லை."

அடுத்த கிழமை ஒரு காலையில் நான் கொலிஜுக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தேன். அத்தான் வேலை உடுப்போடு குசினி வாசலில் வந்து நின்றார். அக்காவைக் கூப்பிடவில்லை. படத்துக்கு முன்னாலும் போகவில்லை. சேர்ட்டை மேலே தூக்கி வயிற்றைக் காட்டினார்.

"நீர் படிச்சனீரெல்லோ. உது என்னெண்டு சொல்லும்."

நான் குனிந்து பார்த்தேன். புத்தகம் தேவைப்படவில்லை.

"அம்மாள்தான் அத்தான்."

அவர் சேர்ட்டைக் கீழே விட்டார்.

"அப்ப நில்லாமல் டொக்ரருக்குப் போனைப் போடும்" என்றார்.

போட்டேன். பிறகு கொரிடோருக்குப் போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி அவளுக்கும் சொன்னேன். அவள் மிகவும் சந்தோஷப்பட்டாள். மகனைக் குளிக்க வைக்க ஓடினாள்.